அலகில் ஒரு கறுப்புக் கோடு: தெற்கு அட்லாண்டிக் நாட்குறிப்பு

முதல் நாள், ஜனவரி 9, 2019

மாலை ஆறு மணிக்கு அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவையா துறைமுகத்தில் கயிறு அவிழ்த்தார்கள். பீகிள் கால்வாய் வழியாகக் கிழக்கே போகிறோம். இரண்டு பக்கமும் மலை, உச்சியில் பனி. இந்தப் பருவத்தில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அழைத்த பிறகும் பின்தளத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

நான் வந்தது ஒரே ஒரு பறவைக்காக. வாண்டரிங் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை. இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் இதற்குத்தான் சிறகு விரிப்பு அதிகம்: சராசரியாக 3 மீட்டருக்கு மேல், பெரிய ஆண் பறவைக்கு 3.5 மீட்டர் வரை போகும். சின்ன வயதில் கதையில் கேட்ட அண்டரண்டப் பட்சியை யாராவது வரையச் சொன்னால் இதைத்தான் வரைவேன். பறவை பார்க்கிறவர்கள் சுருக்கமாக வாண்டரர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கால்வாயின் வாயை நெருங்கும்போது பெரிய பழுப்புப் பறவை ஒன்று கப்பலை ஒட்டி வந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் நின்ற பறவை வழிகாட்டி (இருபது வருடமாக இந்தக் கடலில் வந்து போகிற அம்மா) தொலைநோக்கியைக் கூட எடுக்கவில்லை. “மூக்கைப் பாருங்கள்” என்றார், அவ்வளவுதான். பார்த்தேன். மேல் அலகின் மேலே, துப்பாக்கிக் குழாய் போல ஒரு தடித்த குழல். அது ஜயன்ட் பெட்ரல் என்ற வேறொரு கடற்பறவை. ஆல்பட்ராஸுக்கும் மூக்குக் குழல் உண்டு. ஆனால் அது அலகின் இரு பக்கமும் தனித்தனியாக, சின்னதாக ஒட்டியிருக்கும். சரி, முதல் பாடம் முடிந்தது.

இரண்டாம் நாள், ஜனவரி 10

காலை ஐந்தரைக்கே தளத்துக்கு வந்துவிட்டேன். திறந்த கடல், நல்ல மேல்காற்று. கரும்புருவ ஆல்பட்ராஸ்கள் பத்துப் பதினைந்து பின்னால் வந்துகொண்டே இருந்தன. கண்ணுக்கு மேல் மை தீட்டியது போல ஒரு கோடு, அதனால் எப்போதும் கோபமாக இருப்பது போல ஒரு முகம். அழகுதான். ஆனால் என் கண் தேடியது வேறு.

ஒன்பது மணி வாக்கில் அது வந்தது. தூரத்திலேயே அளவு வித்தியாசம் தெரிந்தது. பக்கத்தில் பறந்த கரும்புருவம் திடீரென்று குருவி போல ஆகிவிட்டது. வெள்ளை முதுகு, வெள்ளை வால், கறுத்த சிறகு நுனி. நான் கத்தியே விட்டேன், “வாண்டரர்!”

வழிகாட்டி வந்து பார்த்தார். அவசரப்படவே இல்லை. பறவை இரண்டு முறை கப்பலைச் சுற்றி வரும்வரை காத்திருந்துவிட்டு, மூன்றாவது முறை நெருங்கி வந்தபோது, “அலகை மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள்” என்றார்.

இளஞ்சிவப்பு அலகு. மேல் அலகும் கீழ் அலகும் சேரும் இடத்தில், நுனி முதல் வாயோரம் வரை, பேனாவால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு. வாண்டரருக்கு அந்தக் கோடு கிடையாது. நான் பார்த்தது தென் ராயல் ஆல்பட்ராஸ்.

ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். ராயலும் ஏறக்குறைய அதே அளவு. இந்த இனத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பறவைகளும் நியூசிலாந்துக்குத் தெற்கே காம்ப்பெல் தீவில்தான் கூடு கட்டுகின்றன. அங்கிருந்து பசிபிக்கைக் கடந்து, தென் அமெரிக்க முனையைச் சுற்றி, இங்கே படகோனியாவின் ஆழம் குறைந்த கடலுக்கு இரை தேடி வருகின்றன. அப்படி வந்த ஒரு பறவை என் தலைக்கு மேலே இருபது அடி உயரத்தில் போனது. அதைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டோமே என்றுதான் வருத்தம்.

மத்தியானம் நூலக அறையில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். அலகில் கோடு என்பது பக்கத்தில் வந்தால்தான் உதவும். தூரத்தில் சிறகின் வெள்ளையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு இனத்துக்கும் வயது ஏற ஏறச் சிறகின் மேல்பக்கம் வெளுக்கும். ஆனால் வெளுப்பு தொடங்கும் இடம் வேறு. ராயலுக்குச் சிறகின் முன் விளிம்பிலிருந்து, மாவு தூவியது போலப் பின்னால் பரவும். வாண்டரருக்குச் சிறகின் நடுவில், முழங்கை மடிப்புப் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தொடங்கி, அங்கிருந்து எல்லாப் பக்கமும் விரியும். வால் நுனியில் கறுப்பு இருந்தால் வாண்டரர் பக்கம் சாயலாம். ரொம்ப வயதான ஆண்களில் அதுவும் போய்விடும். ராயலின் வால் பெரும்பாலும் சுத்த வெள்ளை.

மூன்றாம் நாள், ஜனவரி 11

ஃபாக்லாந்து தீவுகள். உலகில் உள்ள கரும்புருவ ஆல்பட்ராஸ்களில் பாதிக்கும் மேல் இங்கேதான் இனப்பெருக்கம் செய்கின்றன. மலைச்சரிவில் மண்ணால் கட்டிய கூடுகள், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறப் பஞ்சுருண்டையாக ஒரு குஞ்சு. எல்லோரும் நிறையப் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். இரவே கிழக்கு நோக்கிக் கிளம்பிவிட்டோம். தெற்கு ஜார்ஜியாவுக்கு இன்னும் மூன்று நாள் கடல்.

நான்காம் நாள், ஜனவரி 12

பார்த்துவிட்டேன்.

காலை 7.40. கண்டத்தை ஒட்டிய ஆழமற்ற கடலின் விளிம்பைத் தாண்டி ஆழ்கடலுக்கு வந்திருந்தோம். காற்று பலமாக இருந்தது, அலை மூன்று மீட்டர் இருக்கும். பின்னால், அலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்து மறைந்தது. அப்புறம் மறுபடி தெரிந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. கப்பலுக்கு இணையாக வந்து, ஒரு அலை உயரத்துக்கு இறங்கி, வலது சிறகின் நுனி தண்ணீரைத் தொடுவது போலத் திரும்பியபோது முழு முதுகும் தெரிந்தது. சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, முன் விளிம்பு கறுப்பு, வாலில் இரண்டு ஓரமும் கறுப்பு. பத்து நிமிடம் கழித்து அலகு தெரியும் தூரத்துக்கு வந்தது. வெளிர் இளஞ்சிவப்பு. கோடு இல்லை. காதுக்குப் பின்னால் பன்னீர் சிந்திக் காய்ந்தது போல ஒரு ரோஜாக் கறை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எழுதுவதில் கூச்சமில்லை.

அரை மணி நேரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கவனித்தேன். ஒரு முறை கூடச் சிறகை அடிக்கவில்லை. இது எப்படி நடக்கிறது என்று படித்திருந்தாலும், கண் முன்னே பார்த்தபோதுதான் புரிந்தது. தண்ணீரை ஒட்டி வீசும் காற்று, அலையில் உரசி வேகம் இழந்திருக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் மேலே அதே காற்று முழு வேகத்தில் வீசும். பறவை காற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது. ஏற ஏற எதிர்க்காற்று பலப்படுவதால், சிறகின் மேல் ஓடும் காற்றின் வேகம் குறையாமல் இருக்கிறது. உச்சியில் திரும்பி, காற்று போகும் திசையிலேயே சறுக்கி இறங்குகிறது. கீழே வரும்போது கையில் நிறைய வேகம். மறுபடி திரும்பி மறுபடி ஏற்றம். ஒரு சுற்றுக்கு நான் எண்ணியது பத்து முதல் பதினைந்து விநாடி. காற்றின் வேக வித்தியாசத்தைப் பறவை இப்படிப் பயன்படுத்த முடியும் என்று 1883இலேயே இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதிவிட்டார்.

சிறகை விரித்தே வைத்திருக்கவும் அதற்குப் பெரிதாகத் தசை வலிமை வேண்டாம். தோளில் ஒரு தசைநார், விரித்த சிறகைத் தாழ்ப்பாள் போட்டது போல நிறுத்திவிடுகிறது. இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். பறக்கும்போது இருக்கும் துடிப்பு, கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தண்ணீரிலிருந்து எழும்பும்போதுதான் துடிப்பு எகிறுகிறது.

1989இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜுவான்டானும் வைமர்ஸ்கர்ச்சும் இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள க்ரோசே தீவுகளில் அடைகாக்கும் வாண்டரர்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். முட்டையைத் துணையிடம் விட்டுவிட்டு இரை தேடிப் போன பறவைகள், ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தன. 15,000 கிலோமீட்டர் என்ற எண்ணை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இன்றுதான் அதை நம்பினேன்.

ஐந்தாம் நாள், ஜனவரி 13

காற்று விழுந்துவிட்டது. பகல் பதினொரு மணிக்குக் கடல் எண்ணெய் ஊற்றியது போல. மூன்று வாண்டரர்கள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. கப்பல் நெருங்கியபோது ஒன்று எழும்ப முயன்றது. சிறகை விரித்து, அகலமான பாதங்களால் தண்ணீரை அடித்து அடித்து ஓடியது. முப்பது நாற்பது மீட்டர் ஓடியும் எழும்ப முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டது. எட்டு, பத்து கிலோ எடையுள்ள உடம்பு. நேற்று நான் பார்த்ததில் பாதி அந்தப் பறவை, பாதி அந்தக் காற்று. இந்த இனம் ஏன் ஓயாமல் காற்றடிக்கும் இந்தத் தென்கடலிலேயே கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்காது.

மூன்றில் ஒன்றுக்கு உச்சந்தலையில் பழுப்புத் தொப்பி, மார்பில் மங்கலான பட்டை. பெண்ணாக இருக்கலாம், அல்லது இளைய ஆணாக இருக்கலாம் என்றார் வழிகாட்டி. இங்கேதான் வாண்டரரின் கதை மிகவும் சுவையாகிறது. கூட்டை விட்டுக் கிளம்பும்போது இந்தப் பறவை சாக்லேட் நிறம். முகமும் சிறகின் அடிப்பக்கமும் மட்டும்தான் வெள்ளை. அப்புறம் ஒவ்வொரு இறகுதிர்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. முதலில் வயிறு, பிறகு முதுகு, கடைசியாகச் சிறகும் வாலும். ஆண் பறவை அதிகம் வெளுக்கும். பெண்ணுக்குப் பழுப்பு கொஞ்சம் தங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் கிப்சன் என்பவர் 1967இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறையே வகுத்தார்: முதுகு, தலை, சிறகு, வால், நான்குக்கும் தனித்தனி எண். கடலில் பறக்கும் பறவையின் வெளுப்பைக் கப்பலிலிருந்தே குறித்து வைக்க அது உதவுகிறது.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கோஃப் தீவில் கூடு கட்டும் ட்ரிஸ்டன் ஆல்பட்ராஸ் இதே தெற்கு அட்லாண்டிக்கில்தான் திரிகிறது. முன்பு அதையும் வாண்டரர் என்றேதான் கணக்கு வைத்திருந்தார்கள். அளவில் கொஞ்சம் சிறியது, அவ்வளவாக வெளுக்காது. பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பறவை தூரத்தில் போனால், இதுவா அதுவா என்று நேர்மையாகச் சொல்லவே முடியாது. அப்படிப்பட்டவற்றுக்கு வழிகாட்டி தன் பதிவேட்டில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதுகிறார். அந்தச் சாய்கோட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

மாலையில் மூடுபனி. கடல்நீரின் வெப்பம் சில மணி நேரத்தில் மளமளவென்று இறங்கியது. அண்டார்டிக் நீர் வடக்கு நீருடன் சந்திக்கும் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஆறாம் நாள், ஜனவரி 14

ஷாக் ராக்ஸ். நடுக்கடலில் பல்லைப் போல நிற்கும் பாறைகள், ஆயிரக்கணக்கில் நீர்க்காகங்கள். இரவு ஆனதும் எல்லா ஜன்னல்களுக்கும் திரை போட்டுத் தள விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். வெளிச்சத்தைக் கண்டு சின்னக் கடற்பறவைகள் வந்து மோதிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஏழாம் நாள், ஜனவரி 15

தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விக்கன். முன்னாளில் திமிங்கிலம் வெட்டிய ஊர். துருப்பிடித்த எண்ணெய்த் தொட்டிகளும் அண்டார்டிக் பயணி ஷாக்கிள்டனின் கல்லறையும் இருக்கின்றன. கரை இறங்குவதற்கு முன் பூட்ஸின் இடுக்கு, சட்டைப் பையின் மூலை என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒரு விதை ஒட்டியிருக்கக் கூடாது. இந்தத் தீவை எலி இல்லாத தீவாகப் போன மே மாதம்தான் அறிவித்தார்கள், அதனால் இந்தக் கண்டிப்பு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மாலையில் கப்பலில் மீன்பிடிப்பு பற்றி ஒரு பேச்சு. கேட்க வலித்தது. பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் முட்களைக் கோத்துக் கடலில் இறக்குகிறார்கள். இரை முழுகுவதற்கு முன்னால் ஆல்பட்ராஸ் அதைக் கவ்வும். முள் மாட்டிக்கொள்ளும், கயிறு இறங்கும்போது பறவையும் சேர்ந்து முழுகிவிடும். தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றி 1990களில் ஒரே மீன்பிடிப் பருவத்தில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் இப்படிச் செத்தன. பிறகு விதிகள் வந்தன. குளிர்காலத்தில் மட்டும் மீன்பிடிப்பு, கயிற்றை இரவில் மட்டும் இறக்குதல், சீக்கிரம் முழுக எடைக்கட்டிகள், பறவையை விரட்டக் கப்பலின் பின்னால் பறக்கும் வண்ண நாடாக்கள். இந்தக் கடலில் இப்போது ஆல்பட்ராஸ் சாவது அபூர்வம்.

ஆனால் வாண்டரர் இந்தக் கடலில் மட்டும் இருப்பதில்லையே. பெண் பறவைகள் ஆண்களைவிட வடக்கே, வெதுவெதுப்பான நீருக்கு இரை தேடிப் போகின்றன. அங்கே சூரைமீன் பிடிக்கும் கப்பல்கள் அதிகம், விதிகளும் எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி நடைமுறையில் இல்லை. தீவின் மேற்கு முனையில் உள்ள பேர்ட் தீவில் 1958 முதல் வளையமிட்டு எண்ணி வருகிறார்கள். 1960களில் இருந்த ஜோடிகளில் பாதி கூட இன்று இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை இடுகிற இனம் இது. ஒரு பெண் போனால் துணை இன்னொன்றைத் தேடவே பல வருடம் ஆகலாம்.

எட்டாம் நாள், ஜனவரி 16

தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய ப்ரயான் தீவு. ஃபர் சீல்கள் குட்டி போடும் காலம் என்பதால் நவம்பர் 20 முதல் ஜனவரி 7 வரை யாரையும் விடுவதில்லை. இப்போதும் ஒரு தடவைக்கு 50 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. டஸ்ஸாக் புல் மேட்டின் மேலே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதை விட்டு ஒரு அடி விலகக் கூடாது.

மேடையில் உட்கார்ந்தேன். நாலைந்து மீட்டர் தூரத்தில், சேறும் புல்லும் குழைத்துக் கட்டிய மேடைக் கூட்டில் ஒரு வாண்டரர் அடைகாத்துக்கொண்டிருந்தது. கடலில் பார்த்தபோது கண்ணுக்குப் படாததெல்லாம் இங்கே தெரிந்தது. அலகின் பக்கவாட்டில் சின்ன மூக்குக் குழல். அதிலிருந்து ஒரு துளி நீர் கசிந்து, அலகின் பள்ளம் வழியாக மெதுவாக ஊர்ந்து, கொக்கி நுனியில் தொங்கி விழுந்தது. உப்புத் தண்ணீர். கடல்நீரைக் குடித்துவிட்டு, கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பியால் உப்பைப் பிரித்து வெளியேற்றும் வித்தை அது. இதே மூக்கால்தான் பல கிலோமீட்டர் தூரத்து இரையை மோப்பம் பிடிக்கிறது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 கிலோமீட்டர் வரை என்று சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அது எழுந்து நின்று, குனிந்து, வயிற்றுக்குக் கீழே பார்த்தது. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு முட்டை, அரைக் கிலோ இருக்கும். அலகால் லேசாகத் தள்ளிப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது. மார்ச்சில்தான் பொரியும். ஏறக்குறைய 80 நாள் அடைகாப்பு. அப்புறம் குஞ்சு குளிர்காலம் முழுவதும், பனியிலும் காற்றிலும், ஒன்பது மாதம் போல அதே கூட்டில் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் மாறி மாறிக் கடலிலிருந்து வந்து ஊட்டிவிட்டுப் போகும். ஒரு குஞ்சுக்கு முழுதாக ஒரு வருடம். அதனால்தான் அடுத்த முட்டைக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மேட்டின் அந்தப் பக்கம் இன்னும் ஜோடி சேராத இளவட்டங்கள் நாலு. ஒன்று முழுச் சிறகையும் விரித்து, கழுத்தை வானத்தை நோக்கி நிமிர்த்தி, நீளமாக ஒரு கூவல் போட்டது. எதிரே நின்றது அலகைப் படபடவென்று தட்டியது. காய்ந்த மூங்கிலை மூங்கிலால் அடிக்கும் சத்தம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வந்தன. விரித்த சிறகு அந்தப் புல்மேட்டில் இடம் கொள்ளவில்லை, நுனி புல்லில் மாட்டி மாட்டி நிமிர்ந்தது. இப்படிப் பல வருடம் ஆடிப் பார்த்துத்தான் துணையைத் தேர்ந்தெடுக்கும். முதல் முட்டை பத்து வயதுவாக்கில். அப்புறம் ஒரே துணையோடு பல பத்தாண்டுகள்.

வழிகாட்டி என் காதருகே மெல்ல, “இந்த நாலுக்கும் மதிப்பெண் போடுங்கள்” என்றார். போட்டேன். ஒன்றில் நான் சிறகுக்கு ஒரு எண் குறைத்துவிட்டேன், மற்ற மூன்றும் அவர் போட்டதோடு ஒத்துப்போனது.

ஒன்பதாம் நாள், ஜனவரி 17

தீவு பின்னால் மறைந்துவிட்டது. வடமேற்கே திரும்புகிறோம். காற்று நன்றாக இருக்கிறது. காலையிலிருந்து ஆறு வாண்டரர்கள், அதில் ஒன்று வால் கூடக் கறுப்பில்லாத கிழட்டு ஆண், உப்புக் கல் போல வெள்ளை.

நாலு மணிக்குக் கப்பலின் பின்பக்கம் பெரிய பழுப்புப் பறவை. பக்கத்தில் நின்றவர் ஜயன்ட் பெட்ரல் என்றார். நான் காத்திருந்தேன். திரும்பியபோது சிறகின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. முகமும் வெள்ளை, முகமூடி போட்டது போல. உடம்பு முழுக்கப் புத்தம் புதிய சாக்லேட் நிறம், ஒரு இறகு கூடத் தேயவில்லை. தீவின் ஏதோ ஒரு மேட்டில் போன குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சில வாரங்களுக்கு முன்னால்தான் முதல் முறை காற்றில் இறங்கியிருக்கும். இனி ஐந்தாறு வருடத்துக்கு அது கரையில் கால் வைக்கப் போவதில்லை.

வழிகாட்டி பதிவேட்டை என்னிடம் நீட்டினார். எழுதினேன்: “16.05. அலகு இளஞ்சிவப்பு, கோடு இல்லை. மூக்குக் குழல் பக்கவாட்டில். சிறகின் அடி வெள்ளை. முதல் ஆண்டுப் பறவை. வாண்டரர்.” ட்ரிஸ்டனுக்காகச் சாய்கோடு போட வேண்டுமா என்று கேட்டேன். தீவுக்கு இவ்வளவு பக்கத்தில் தேவையில்லை, ஆனாலும் போட்டால் தப்பில்லை என்றார். போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அது கப்பலைத் தாண்டி முன்னால் போயிருந்தது, வடக்கே.